பையன் என்டிஏ போறேன்கிறான், இன்ஜினியரிங்க விட்டுட்டு அனுப்பலாமா?

சகோதரி, உங்க கேள்விய முழுசா படிச்சேன். பையன் ப்ளஸ் ஒன், மேத்ஸ் பயாலஜி குரூப், கவுன்சிலிங் எல்லாம் வேணாம், ப்ளஸ் டூ முடிச்சதும் முப்படைக்கும் ஆபீசர் ட்ரெய்னிங் குடுக்கற நேஷனல் டிஃபன்ஸ் அகாடமி, அதாவது என்டிஏ தான் போவேன்னு நிக்கிறான், அவங்கப்பாவுக்கு துளியும் இஷ்டம் இல்ல, உங்களுக்கு பயமும் இருக்கு, அதே சமயம் படிப்பு சாப்பாடு எல்லாமே ஃப்ரீயாமேன்னு ஒரு எண்ணமும் ஓடுது. அங்க குடுக்கிற டிகிரி செல்லுமா, பாதில திரும்பி வந்தா என்ன ஆகும், ஹிந்தி தெரியாதவன் தாக்குப்பிடிப்பானா, கோச்சிங் சேர்க்கணுமா, ஒன்பதாவது படிக்கிற பொண்ணும் போலாமா, இவ்வளவும் கேட்டிருக்கீங்க. நான் ஷார்ட் சர்வீஸ் கமிஷன்ல, அதாவது குறிப்பிட்ட வருஷம் மட்டும் ராணுவ ஆபீசரா இருந்துட்டு வெளிய வந்தவன், இப்போ பசங்கள ஆபீசர் தேர்வுக்கான எஸ்எஸ்பி இன்டர்வியூவுக்கு தயார் பண்றேன், அதனால எனக்கு தெரிஞ்சத கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல் விஷயம், என்டிஏ-வ ஒரு காலேஜா நினைச்சு இன்ஜினியரிங் காலேஜோட பக்கத்துல வச்சு கம்பேர் பண்ணாதீங்க. அது ஒரு வேலை. அந்த வேலைக்கான ட்ரெய்னிங்கோட ஒரு டிகிரியும் சேர்ந்து வருது, அவ்வளவுதான். இன்ஜினியரிங் சேர்ற பையன் நாலு வருஷம் கழிச்சு பேங்க் எக்ஸாம் எழுதலாம், எம்பிஏ போலாம், சொந்தமா தொழில் பண்ணலாம், எல்லா கதவும் திறந்தே இருக்கும். என்டிஏ போறவன் பதினேழு பதினெட்டு வயசுலயே தன்னோட முப்பதாவது வயசு நாப்பதாவது வயசு எப்படி இருக்கணும்னு முடிவு பண்ணிட்டு உள்ள போறான். அதனால நீங்க வீட்ல பேச வேண்டியது அந்த மூணு வருஷத்த பத்தி இல்ல, அதுக்கு அப்புறம் வர்ற இருபது வருஷத்த பத்தி. பையனுக்கு யூனிஃபார்ம் பிடிச்சிருக்கா இல்ல அந்த வாழ்க்கை பிடிச்சிருக்கான்னு கண்டுபிடிக்கணும், ரெண்டும் வேற வேற.

டிகிரி சந்தேகத்துக்கு பதில் சுலபம். புனே பக்கம் கடக்வாஸ்லால இருக்கிற என்டிஏ-ல மூணு வருஷம், ஆறு டெர்ம். முடிக்கும்போது டெல்லி ஜேஎன்யு பேர்ல டிகிரி, பிஏ, பிஎஸ்சி, பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ்னு, நேவிக்கும் ஏர்ஃபோர்ஸுக்கும் போறவங்களுக்கு பி.டெக்கும் இருக்கு, அது அடுத்த அகாடமில போய் முடியும். எந்த கவர்மென்ட் வேலைக்கும், மேல்படிப்புக்கும் செல்லும். ஆனா ஒன்னு மனசுல வைங்க. விடியறதுக்கு முன்னாடி எழுந்து ட்ரில்லும் பிடியும் முடிச்சுட்டு கிளாஸ்ல போய் உக்கார்ற பையனுக்கு கண்ண திறந்து வச்சிருக்கறதே பெரிய பாடு. படிப்பு சொல்லிக் குடுக்கறவங்க நல்லா தான் சொல்லிக் குடுக்கறாங்க, ஆனா ஒரு சப்ஜெக்ட்ல ஆழமா இறங்கி படிக்கிற நேரமும் உடம்புல தெம்பும் அங்க கிடைக்காது. உங்க பையன் ஃபிஸிக்ஸ் மேல பைத்தியமா இருக்கான், ரிசர்ச் பண்ணனும்னு ஆசைப்படறான்னா தயவுசெஞ்சு அனுப்பாதீங்க, நல்ல சயின்ஸ் காலேஜுக்கு அனுப்புங்க. ஆபீசர் ஆன பிறகு மேல படிக்க ஆர்மியே வழி செய்யும், டெக்னிக்கல் பிரிவுல இருக்கறவங்கள எம்.டெக் அனுப்பறாங்க, வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் முடிச்சா மெட்ராஸ் யுனிவர்சிட்டி எம்எஸ்சி கிடைக்குது, ஆனா அதெல்லாம் வேலைய சுத்தி இருக்கிற படிப்பு.

காசு விஷயம். ட்ரெய்னிங் ஃபீஸ் கிடையாது, தங்கற இடம் சாப்பாடு யூனிஃபார்ம் புஸ்தகம் மருத்துவம் எல்லாம் அரசாங்க செலவு. பாக்கெட் மணியும் சொந்த செலவும் மட்டும் வீட்ல இருந்து அனுப்பணும், வருமானம் ரொம்ப கம்மியா இருக்கற குடும்பத்துக்கு அதுக்கும் உதவி உண்டு. என்டிஏ முடிச்சதும் ஆர்மி பசங்க டேராடூன்ல இருக்கிற இண்டியன் மிலிட்டரி அகாடமிக்கும், ஏர்ஃபோர்ஸ் பசங்க ஹைதராபாத் பக்கம் துண்டிகலுக்கும், நேவி பசங்க கேரளாவுல எழிமலாவுக்கும் போவாங்க, அந்த கட்டத்துல மாசம் 56,100 ரூபாய் ஸ்டைபண்ட். லெஃப்டினன்ட் ஆனதும் அதே 56,100 பேசிக்கா ஆகி அதோட மிலிட்டரி சர்வீஸ் பே 15,500, டிஏ மத்த அலவன்ஸ் எல்லாம் சேரும். லோன் வாங்கி படிச்சவனுக்கு இதெல்லாம் கேட்கவே நல்லா இருக்கும், ஆனா ஃப்ரீங்கற ஒரே காரணத்துக்காக போனவன் முதல் டெர்ம்லயே நொந்து போயிடுவான், இத நான் அடிச்சு சொல்லுவேன்.

உள்ள வாழ்க்கை எப்படின்னு கேட்டீங்க. முதல் டெர்ம் பையனுக்கு தனக்குன்னு நேரமே இருக்காது. ஓட்டம், ட்ரில் ஸ்கொயர், நீச்சல், குதிரை ஏத்தம், கிராஸ் கன்ட்ரி, கேம்ப், நடுவுல கிளாஸ், சாயந்திரம் கேம்ஸ், ராத்திரி ஸ்டடி பீரியட். ஒரு பையன் தப்பு பண்ணா அவன் பேட்ச்சே சேர்ந்து தண்டனை வாங்கும், அதுக்கு ரக்டான்னு பேரு. போன்ல உங்ககூட எப்போ வேணா பேச முடியாது. பசங்கள பிரிச்சு தங்க வைக்கிற குழுவுக்கு ஸ்குவாட்ரன்னு பேரு, அங்க மொத்தம் 18 ஸ்குவாட்ரன், பையன் எந்த ஸ்குவாட்ரனோ அதுதான் அவனுக்கு வீடு, மூணு வருஷம் கூட இருந்தவன் அறுபது வயசுலயும் ஒரு போன் பண்ணா கிளம்பி வருவான், அப்படி ஒரு உறவ நான் வேற எந்த காலேஜ்லயும் பாத்ததில்ல. வெளியூர் போனா ரெண்டு நாள்ல வீட்டு நினைப்புல அழற பையனா இருந்தாலும் பயப்பட வேணாம், பழகிடுவாங்க. ஆனா யாராவது அதட்டினா உள்ளுக்குள்ளயே வச்சு புழுங்கற சுபாவமா இருந்தா யோசிங்க, அங்க நாள் முழுக்க யாராவது அதட்டிக்கிட்டே தான் இருப்பாங்க, அத தோள்ல தூசி மாதிரி தட்டிவிட தெரியணும்.

பாதில வந்தா என்ன ஆகும்ங்கறதுதான் நீங்க கேட்டதுலயே முக்கியமான கேள்வி, பல பேர் இத கேக்கறதே இல்ல. மூணு விதமா வெளிய வரலாம். படிப்புலயோ ஃபிஸிக்கல்லயோ பாஸ் ஆகலன்னா ரெலிகேட் பண்ணுவாங்க, அதாவது ஒரு டெர்ம் பின்னாடி போகணும், ஆறு மாசம் கூட ஆகும், அது பெரிய அவமானம் எல்லாம் இல்ல, அதையும் தாண்டி திரும்ப திரும்ப முடியலன்னாதான் வெளிய அனுப்புவாங்க. ரெண்டாவது, எனக்கு பிடிக்கல நான் போறேன்னு பையனே கிளம்பி வந்தா அதுவரைக்கும் ஆன ட்ரெய்னிங் செலவ பேரன்ட்ஸ் திருப்பி கட்டணும், சேரும்போதே நீங்க அதுக்கு கையெழுத்து போட்டிருப்பீங்க.

மூணாவது தான் எனக்கு மனசு வலிக்கிறது, அடிபட்டு வர்றது. ட்ரெய்னிங்ல முதுகு போயிடுது, தலைல அடி, ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் சரியாகாம போறது, இதெல்லாம் அபூர்வமா தான் நடக்குது ஆனா நடக்குது. மெடிக்கல் போர்டு அன்ஃபிட்னு எழுதிட்டா பையன் வெளிய. கமிஷன் வாங்கறதுக்கு, அதாவது ஆபீசரா நியமிக்கறதுக்கு முன்னாடியே அடிபட்டதால அவன முன்னாள் ராணுவ வீரர்னு கணக்குல எடுத்துக்கறதில்ல, ஆபீசருக்கு கிடைக்கிற பென்ஷன் வராது, எக்ஸ்கிரேஷியான்னு மாசம் ஒரு தொகை தான். இது ரொம்ப வருஷமா இருக்கற அநியாயம், 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் தானா முன்வந்து இத விசாரணைக்கு எடுத்துச்சு, அதுக்கு அப்புறம் தான் அந்த பசங்களுக்கு முன்னாள் படைவீரர் மருத்துவ திட்டத்தயே திறந்து விட்டாங்க. நாட்டுக்காக உடம்ப குடுத்த பதினெட்டு வயசு பையன இன்னும் நல்லா பாத்துக்கணும்ங்கறது என் கருத்து. உங்கள பயமுறுத்த சொல்லல, கையெழுத்து போடற அம்மாவுக்கு இது தெரிஞ்சிருக்கணும்.

இப்போ கமிஷன் ஆன பிறகு உள்ள வாழ்க்கைக்கு வர்றேன். லெஃப்டினன்ட்ல இருந்து ரெண்டு வருஷத்துல கேப்டன், ஆறு வருஷத்துல மேஜர், பதிமூணு வருஷத்துல லெஃப்டினன்ட் கர்னல், இதெல்லாம் பரீட்சை பாஸ் பண்ணிட்டு ஒழுங்கா இருந்தா காலத்தோட வந்துரும். கர்னல்ல இருந்து மேல செலக்ஷன் போர்டு, இடம் ரொம்ப கம்மி, நல்லா வேலை செஞ்சவங்களுக்கும் கிடைக்காம போகும், அதோட ஆர்மி கர்னலுக்கு 54 வயசுல ரிட்டயர்மென்ட், அப்புறம் ரெண்டாவது வேலை தேடணும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா ட்ரான்ஸ்ஃபர், அதுல ஃபீல்ட் போஸ்டிங்னா குடும்பத்த கூட்டிட்டு போக முடியாது. கல்யாணம் ஆன பிறகு அந்த பொண்ணோட வேலை அடிக்கடி நின்னு நின்னு போகும், குழந்தைங்க ஸ்கூல் மாறிக்கிட்டே இருக்கும், உங்களுக்கோ அவங்கப்பாவுக்கோ உடம்பு முடியாதப்போ அவன் லடாக்லயோ அருணாச்சல்லயோ இருப்பான். இத உங்க வீட்டுக்காரர் யோசிச்சுத்தான் வேணாம்கிறாரோ என்னவோ, அவர் பேச்சையும் காது குடுத்து கேளுங்க. என்டிஏ வழியா போனா பெர்மனன்ட் கமிஷன், அதாவது ரிட்டயர் ஆகற வரைக்கும் உள்ள வேலை, நினைச்ச நேரத்துல ரிசைன் பண்ணிட்டு வர முடியாது, மேல அனுமதி குடுத்தாதான், பென்ஷனுக்கு 20 வருஷம் சர்வீஸ் வேணும். 2004-ல இருந்து புதுசா சேர்ந்த மத்த மத்திய அரசு ஊழியர்களுக்கு பழைய பென்ஷன் போயிடுச்சு, ராணுவத்துக்கு அது இன்னும் இருக்கு. அப்புறம் அக்னிவீர் நாலு வருஷம் தானேன்னு உங்க சொந்தக்காரர் சொன்னதா எழுதியிருந்தீங்க, 2022-ல வந்த அக்னிபத் ஜவான் சேர்க்கைக்கு மட்டும் தான், ஆபீசர் சேர்க்கைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

இவ்வளவு சொன்னதும் நான் வேணாம்கிறேன்னு நினைக்காதீங்க. இருபத்திரெண்டு வயசுல ஒரு பையன நம்பி முப்பது பேர ஒப்படைக்கிற வேலை வேற எங்கயும் இல்ல. அந்த முப்பது பேரும் ஒழுங்கா சாப்பிட்டாங்களா, யாரோட அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, யாரு லீவு கேட்டு தயங்கி நிக்கிறான், இதெல்லாம் அவன் பொறுப்பு. அதுல மனசு நிறையற பசங்க இருக்காங்க, அவங்களுக்கு எவ்வளவு சம்பளம் குடுத்தாலும் ஏசி ரூம் வேலை ஒட்டாது. உங்க பையன் ஸ்கூல் டூர்ல, ஊர் திருவிழால, கிரிக்கெட் டீம்ல மத்தவங்கள சேர்த்துக்கிட்டு வேலை செய்யற ரகமான்னு பாருங்க, மார்க் ஷீட்ட விட அது நிறைய சொல்லும்.

செலக்ஷன். யுபிஎஸ்சி வருஷத்துக்கு ரெண்டு தடவை நடத்துது, ஏப்ரல்லயும் செப்டம்பர்லயும். மேத்ஸ் 300 மார்க், ஜெனரல் எபிலிட்டி 600, அதுல இங்கிலீஷ் மட்டும் 200. நெகட்டிவ் மார்க் உண்டு. கட்ஆஃப் சமீப வருஷங்கள்ல 900-க்கு 300 பக்கம் தான் நிக்குது, அதனால ஸ்டேட் போர்டு பையன் முடியாதுன்னு நினைக்கவே வேணாம், ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூ மேத்ஸ ஒழுங்கா படிச்சாலே பாதி கிணறு தாண்டியாச்சு. ஒவ்வொரு தடவையும் சுமார் 400 இடம். ஆர்மிக்கு எந்த குரூப்பும் போதும், நேவி ஏர்ஃபோர்ஸுக்கு ஃபிஸிக்ஸ் கெமிஸ்ட்ரி மேத்ஸ் வேணும், உங்க பையன் குரூப்ல அது இருக்கு. கோர்ஸ் ஆரம்பிக்கும்போது வயசு பதினாறரைல இருந்து பத்தொன்பதரைக்குள்ள இருக்கணும், கல்யாணம் ஆகியிருக்க கூடாது. ப்ளஸ் டூ படிக்கும்போதே செப்டம்பர்ல எழுதினா அடுத்த ஜூலை கோர்ஸ், ஏப்ரல்ல எழுதினா அதுக்கடுத்த ஜனவரி கோர்ஸ்.

அசல் சல்லடை எஸ்எஸ்பி தான். அஞ்சு நாள், மார்க் 900, எழுத்து தேர்வுக்கு சமமா. முதல் நாளே ஒரு ரீசனிங் டெஸ்ட், அப்புறம் மங்கலா ஒரு படம் காட்டி கதை எழுதச் சொல்லி அத குரூப்பா பேசச் சொல்லுவாங்க, பாதிக்கு மேல பேர அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மிச்சம் இருக்கறவங்களுக்கு சைக்காலஜி டெஸ்ட், 60 வார்த்தை, ஒவ்வொன்னுக்கும் 15 செகண்ட், மனசுல தோணறத எழுதணும், அரை மணி நேரத்துல 60 சூழ்நிலைக்கு நீ என்ன செய்வேன்னு எழுதணும். அடுத்து கிரவுண்டுல பலகையும் கயிறும் குடுத்து குரூப்பா தடைய தாண்டச் சொல்லுவாங்க. ஒரு பர்சனல் இன்டர்வியூ. கடைசி நாள் கான்ஃபரன்ஸ்.

இங்க தான் நம்ம பசங்க நிறைய பேர் தடுமாறறத பாக்கறேன், அறிவு கம்மின்னு இல்ல. வீட்ல ஸ்கூல்ல எங்கயும் சொந்தமா ஒரு முடிவு எடுத்து பழக்கம் இல்ல, எந்த சட்டை போடணும்னு கூட அம்மா சொல்ற வீடுதான் அதிகம். இன்டர்வியூல உன் ஊர்ல என்ன பிரச்சினை, அதுக்கு நீ என்ன செஞ்சன்னு கேட்டா முழிக்கிறாங்க. இத ஒரு மாசத்துல கத்துக்குடுக்க முடியாது, ரெண்டு வருஷம் வாழ்ந்து தான் வரணும். உங்க பையனுக்கு அந்த ரெண்டு வருஷம் கைல இருக்கு. பேங்க்ல போய் வேலைய முடிச்சுட்டு வாடான்னு அனுப்புங்க, ரயில்ல தனியா போக விடுங்க, தப்பா முடிவெடுத்தா அத அவனே சரி பண்ணட்டும்.

ஹிந்தி பத்தி கவலையே வேணாம். கேள்வித்தாள் இங்கிலீஷ் ஹிந்தி ரெண்டுலயும் இருக்கும், கிளாஸ் இங்கிலீஷ்ல. ஹிந்தி அங்க போய் ஒரு வருஷத்துல கூட இருக்கற பசங்ககிட்டயே வந்துரும், ஜவான்கள்ட்ட பேச அது வேணும் தான். ஆபீசர்னா தன் ஆளுங்களோட பாஷைய கத்துக்கிறது வழக்கம், மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வர்ற வடநாட்டு ஆபீசர் தமிழ் கத்துக்கிறார். இங்கிலீஷ்தான் இவனுக்கு இப்போ முக்கியம், தினமும் பேப்பர் படிக்கணும், படிச்சத வாய்விட்டு ரெண்டு நிமிஷம் பேசணும். இலக்கணம் தப்பானாலும் பரவால்ல, நிறுத்தாம பேசணும்.

பொண்ணு விஷயம். 2021-ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்ட பிறகு என்டிஏ-ல பொண்ணுங்களும் எழுதலாம். முதல் பேட்ச் 2022-ல உள்ள போச்சு, 2025 மே மாசம் 17 பேர் பாஸ் அவுட் ஆனாங்க. இடம் இன்னும் கம்மி தான், ஆனா ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்கு இப்பவே ஓட்டமும் நீச்சலும் ஆரம்பிச்சுடுங்க. ஸ்கூல்ல என்சிசி இருந்தா சேருங்க.

இப்போ நான் என்ன செய்யச் சொல்றேன்னா, என்டிஏவா இன்ஜினியரிங்கான்னு வீட்ல சண்டை போடாதீங்க, இப்போதைக்கு ரெண்டும் வேணும். செப்டம்பர் எழுதட்டும், ஏப்ரல் எழுதட்டும், கவுன்சிலிங்கும் போய் சீட் எடுத்து காலேஜ்ல சேரட்டும், கிடைச்சா அங்க இருந்து கிளம்பட்டும், முதல் வருஷத்துலயும் வயசு இருக்கற வரைக்கும் எழுதலாம். ஜேஇஇ மெயின் எழுதியிருந்தா இன்னும் ரெண்டு வழி கூடுதலா திறக்கும், ஆர்மி டெக்னிக்கல் என்ட்ரி ஸ்கீம்ல எழுத்து தேர்வே இல்லாம நேரா எஸ்எஸ்பி, ட்ரெய்னிங் முடிக்கும்போது பி.டெக், நேவிலயும் அதே மாதிரி எழிமலால நாலு வருஷ பி.டெக். டாக்டர் ஆசை இருந்தா நீட் எழுதி புனேல இருக்கிற ராணுவ மருத்துவ கல்லூரி ஏஎஃப்எம்சி, அதுல படிச்சு முடிச்சதும் ராணுவத்துல வேலை செய்யணும்னு கட்டாயம் இருக்கு.

இதுல எதுவுமே அமையலன்னாலும் டிகிரி முடிச்சுட்டு யுபிஎஸ்சி நடத்தற சிடிஎஸ்ங்கற ஆபீசர் தேர்வு எழுதலாம், என்சிசி சி சர்டிஃபிகேட் இருந்தா எழுத்து தேர்வு இல்லாத தனி வழி, இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு டெக்னிக்கல் என்ட்ரி. நம்ம சென்னை பரங்கிமலைல ஓடிஏ-ங்கற ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமி இருக்கே, அங்க பத்து வருஷ ஷார்ட் சர்வீஸ், வேணும்னா இன்னும் நாலு வருஷம் நீட்டிக்கலாம், அதோட வெளிய வந்தா பென்ஷன் கிடையாது. அசோக சக்ரா வாங்கின மேஜர் முகுந்த் வரதராஜன் டிகிரி முடிச்ச பிறகு ஓடிஏ வழியா தான் உள்ள போனார். பையன் உறுதியா இல்லாம பாதி மனசோட இருந்தான்னா நான் இந்த வழியத்தான் சிபாரிசு பண்ணுவேன், இருபத்தொரு வயசுல எடுக்கற முடிவு பதினேழு வயசு முடிவ விட நிதானமா இருக்கும், பத்து வருஷத்துல வெளிய வர்ற வழியும் இருக்கும். பையன் உறுதியா இருந்தா மட்டும் என்டிஏ.

கோச்சிங். எழுத்து தேர்வுக்கு பழைய கேள்வித்தாளும் ஸ்கூல் புஸ்தகமும் போதும், லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டாதீங்க. எஸ்எஸ்பி-க்கு மனப்பாடம் பண்ண வச்ச பதில் சொல்ற பசங்கள அங்க உடனே கண்டுபிடிச்சுடுவாங்க, ஒரு வாரம் மாதிரி பயிற்சி எடுத்தா முறை புரியும், அதுக்கு மேல வேணாம். என்டிஏ சீட் கேரண்டி, உள்ள ஆள் இருக்குன்னு யாராவது காசு கேட்டா அந்த பக்கமே போகாதீங்க.

காசு செலவு பண்ணனும்னா முதல்ல ஒரு நல்ல கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போய் பவரும் கலர் விஷனும் செக் பண்ணுங்க, பைலட் ஆசை இருந்தா இது ரொம்ப முக்கியம். அப்படியே ஒரு ஆர்த்தோ டாக்டர்கிட்ட ஃப்ளாட் ஃபுட் (தட்டையான பாதம்), நாக் நீ (நிக்கும்போது முட்டி ரெண்டும் ஒட்டறது) இருக்கான்னு காட்டுங்க, காதையும் பல்லையும் பாக்கச் சொல்லுங்க. இதுல சிலது இப்போ கண்டுபிடிச்சா சரி பண்ணிடலாம், எல்லா கட்டத்தயும் தாண்டிட்டு மெடிக்கல்ல வந்து நின்னு போன பசங்கள பாத்திருக்கேன், வீட்ல எல்லாரும் உடைஞ்சு போயிடுவாங்க. டாட்டூவும் குத்திக்க வேணாம்னு சொல்லி வைங்க, முன்கையோட உள்பக்கம் மாதிரி ஒன்னு ரெண்டு இடம் தவிர வேற எங்க இருந்தாலும் ரிஜெக்ட். ரிப்போர்ட் வந்ததும் இங்கயே போடுங்க, எந்த விங்குக்கு முதல் சாய்ஸ் குடுக்கலாம்னு பாத்து சொல்றேன்.